பிரேக் இல்லாமல் ஜெயித்த கதை

எங்கள் பாவாவுக்குக் கடைசிவரை சைக்கிள் ஓட்ட வரவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். கார் பந்தயத்தில் கோப்பை வாங்கிய சீனிவாசலு, சைக்கிளில் ஏறினால் வேலியில்தான் இறங்குவார். எங்கள் வீடுகளில் அக்கா புருஷனைப் பாவா என்போம். அவரைக் கேலி செய்வது மச்சினன் உரிமை. கல்யாணமான நாளிலிருந்து அந்த உரிமையை நான் குறைவில்லாமல் அனுபவித்து வந்தேன்.

அவர் அப்பாவுக்குப் பீளமேட்டில் பருத்தி அரைக்கும் மில் இருந்தது. பஞ்சு மூட்டை ஏற்றும் லாரியில்தான் பாவா ஓட்டக் கற்றுக்கொண்டார். ஐம்பதுகளில் மெட்ராஸுக்கு வடக்கே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். வெள்ளைக்காரத் துரைமார்கள் பெரிய பெரிய கார்களோடு வந்து நிற்பார்கள். இவர் வீட்டு ஃபியட்டின் கதவுகளைக் கழற்றி, எடையைக் குறைத்துக்கொண்டு போய் நிற்பார். அவர் அப்பா கதவுகளைத் தேடி மில் முழுக்க அலைந்தது தனிக் கதை. பெங்களூர், ஒருமுறை கொழும்பு என்றுகூடப் போய் வந்தார். பெரும்பாலும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருவார். ஒரே ஒரு தடவை ஜெயித்தார். அப்பா படுக்கையில் விழுந்ததும் மில்லைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. பந்தயம் அதோடு முடிந்தது.

அந்த ஒரு தடவைதான் என் கதை. தூரத்துச் சொந்தம் என்பதால், கல்யாணத்துக்கு முன்பே பந்தயங்களுக்கு அவரோடு நானும் போவேன். கடைசிச் சுற்றில் பிரேக் போய்விட்டது. பாவா பதறவில்லை. கியரை ஒவ்வொன்றாக இறக்கியே வண்டியை அடக்கி, ஒவ்வொரு வளைவாகத் திருப்பி, முன்னால் போன துரையை முந்தி ஜெயித்தார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, "பாலு, அந்தப் பிரேக் கதையச் சொல்லுப்பா" என்பார்கள். டம்ளர்களை வரிசையாக வைத்து வளைவு காட்டிச் சொல்வேன். பாவா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். அவர் பெண் பார்க்க வந்த அன்றும் அதைத்தான் சொன்னேன். கேட்டுவிட்டுத்தான் அக்கா சம்மதித்தாள். எனக்கென்று வேறு பெருமை எதுவும் கிடையாது. பிற்பாடு அவர் வைத்த உதிரிபாகக் கடையில் மூலையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது ஊரே என் வாயைப் பார்க்கும்.

அந்தக் கடைசிச் சுற்றை நான் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் தாங்காமல் சோடா குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பாவாவைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். ஊருக்கு வந்ததும் எப்படி ஜெயித்தார் என்று கேட்டார்கள். சோடா குடித்தேன் என்றா சொல்ல முடியும்?

இந்தத் தொண்ணூற்றைந்தில் வந்தது வினை. சென்னையிலிருந்து இளவேனில் என்று ஒரு பத்திரிகைக்காரப் பெண், தீபாவளி மலரில் பாவாவின் வாழ்க்கையை எழுத வந்தாள். நான் டம்ளர்களோடு தயாராக இருந்தேன். பாவா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க, அம்மணி. முன்னால போனவரு டயர் வெடிச்சுப்போச்சு. நான் பாட்டுக்கு வந்தேன், ஜெயிச்சுப்போட்டேன். பிரேக் கதை நம்ம பாலு கட்டுனதுங்க."

அந்தப் பெண் சிரித்தாள். காபி கொண்டுவந்த அக்காவும் நின்று சிரித்தாள். "எனக்கு அது அன்னைக்கே தெரியுமுங்க" என்றாள். அன்றைக்கே தெரியுமாம். அத்தனை வருடமும் என்னைச் சொல்லவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்தப் பத்திரிகைப் பெண் போன பிறகு பாவாவைக் கேட்டேன். "ஏனுங்க பாவா, இத்தனை வருசம் சும்மா இருந்துபோட்டு இப்ப எதுக்குங்க?"

"நெஞ்சுல ஆபரேசன் பண்ணுனதுக்கப்புறம் யோசிச்சேன் பாலு. அன்னைக்குக் கதவக் கழட்டுன மாதிரிதான். போறப்ப சொமையக் கொறைக்கோணும்."

எனக்குக் கோபமில்லை. வருத்தம்தான். ஒரு மனிதர் தன் திறமையைத் தானே குறைத்துச் சொல்லலாமா? பிரேக் இல்லாமல் ஓட்டக்கூடியவர்தான் அவர். ஓட்டிக் காட்டச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. சொந்தக்காரன் என்று ஒருவன் இருந்தால் அதை அமைத்துக் கொடுக்க வேண்டும். அதுவும் மலர் அச்சுக்குப் போவதற்குள்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பாவா தன் பழைய ஃபியட்டை உக்கடத்தில் அப்துல் மஜீத் பாயின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்துவார். பாய் ஐந்து வேளைத் தொழுகையும் விடாதவர். ஆனாலும் வேலைக்காரர்களுக்காகப் பூஜையில் ஒரு குறையும் வைக்க மாட்டார். ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றையும் கழுவி, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து வரிசையாக அடுக்குவார்கள். பூஜை முடிந்தால் அன்றைக்குக் கருவியைத் தொடுகிறவன் கோயமுத்தூரிலேயே கிடையாது. பாவா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, மருதமலை வரை ஓட்டிப் போய் வருவார்.

எல்லோரும் பொரி வாங்க முன்பக்கம் கூடியிருந்தார்கள். நான் பழம் வைக்கிறவன் போலக் குனிந்தேன். வரிசையிலிருந்து எடுத்த ஸ்பேனரால் பிரேக் ஆயில் போகிற குழாயின் நட்டைத் தளர்த்தினேன். பிறகு பழத்தையும் ஒழுங்காக வைத்தேன்.

ஸ்பேனரில் பொட்டு அழிந்துபோயிருந்தது. துடைத்து, சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டுப் புதிதாக ஒன்று இட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். அது கை தானாகச் செய்த வேலை. நாங்கள் பெருமாள் வீட்டுக்காரர்கள். பெட்டி, படி, தராசு எதுவானாலும் எங்கள் வீட்டில் நாமம்தான். அத்தனை பொட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் மட்டும் நாமத்தோடு கிடந்ததை மறுநாள் மஜீத் பாய் பார்த்திருக்கிறார். அன்று அங்கே இருந்தவர்களில் பாவாவையும் அக்காவையும் விட்டால் பெருமாள் வீட்டுக்காரன் நான் ஒருவன்தான். பாயின் கண்ணைப் பாராட்டத்தான் வேண்டும்.

அக்காவும் வண்டியில் ஏறுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முட்டிவலியால் அவள் மலைக்கெல்லாம் போவதில்லை. அன்று பொரிப் பொட்டலத்தோடு வந்து, "நானும் வாரேனுங்க" என்றாள். பாவாவுக்கு ஒரே சந்தோஷம். "ஏறு கண்ணு" என்றார்.

கதவைத் திறந்துவிட்டவன் நான்தான். தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. போன தடவை கூட இருந்து பார்த்தவர் யாரும் இல்லாததால்தான் இத்தனை சிக்கல். இந்தத் தடவை ஒரு சாட்சி இருந்தால் நல்லது என்று பட்டது. அவள் சேலை மாட்டாமல் பார்த்துக் கதவைச் சாத்தினேன். "பாத்துப் போங்க பாவா" என்றேன்.

மலை ஏறும்போது பிரேக்குக்குப் பெரிதாக வேலையில்லை. அதற்குள் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகித் தீர்ந்து, இறங்கும்போதுதான் பிரேக் பிடிக்கவில்லை. பாவா பதறவில்லையாம். கியரை இறக்கி இறக்கியே வளைவுகளைத் திருப்பிவிட்டாராம். கடைசி வளைவில் முடியாது என்று தெரிந்திருக்கிறது. பள்ளம் அக்கா பக்கம் இருந்தது. வண்டியை ஒடித்துத் தன் பக்கத்தைப் பாறையில் கொடுத்துவிட்டார். அவளுக்குக் கை முறிந்ததோடு போயிற்று. பாவா அங்கேயே முடிந்துபோனார். ஆஸ்பத்திரியில் அக்கா இப்படிச் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

கேட்டதும் நான் அழுதேன் அல்லவா, அது சந்தோஷத்தில். இத்தனை காலமாக நான் சொன்னதை அவர் அப்படியே செய்து காட்டிவிட்டார். இனி யார் என்னைப் பொய்யன் என்பார்கள்? அந்தப் பத்திரிகைப் பெண்ணுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். திருத்த இன்னும் நேரமிருக்கும்.

ஆமாம், நட்டைத் தளர்த்தியது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். அக்கா என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். கைக்கட்டுப் பிரித்ததும் சரியாகிவிடுவாள். அதற்குள் நீங்கள் அவளைப் பார்க்கப் போனால், ஒன்றே ஒன்று மட்டும் கேட்டு வாருங்கள். அந்தக் கடைசி வளைவில் பாவா எந்தக் கியரில் வந்தார்? ஜெயிலில் கேட்பார்கள், நான் சரியாகச் சொல்ல வேண்டும்.