புளி போட்டு விளக்கிய காசு

திண்டுக்கல்லில் கிளம்பிய வத்தலக்குண்டு பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து காதில் விழுந்தது:

"நாப்பது வருசமாச் சேத்த காச, புளி போட்டு வெளக்கிட்டா தம்பி."

சொன்னவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மடியில் ஓர் எவர்சில்வர் டப்பா. பக்கத்திலிருந்தவர் அவரைவிட இளையவர்.

"யாருண்ணே, மதினியா?"

"வேற யாரு? விக்கப் போற பொருளு பளிச்சுன்னு இருக்கணும்னு காலையிலயே உக்காந்து தேச்சிருக்கா. செம்புக் காசெல்லாம் நேத்து அடிச்ச மாதிரி மின்னுது."

"நல்லதுதானண்ணே?"

"பழைய காசுக்கு அந்தக் கருப்புதான்யா மதிப்பு. தேச்ச காசு வேணாம்னு கடைக்காரரு டப்பாவ மூடிக் குடுத்துட்டாரு. மகனுக்கும் இதுல இஷ்டமில்ல. எனக்குப் பொறகு அருமை தெரிஞ்சவுக கையில இருக்கட்டும்னு பாத்தேன்."

"மதினிகிட்ட என்ன சொல்லப் போறீக?"

பெரியவர் டப்பா மூடியை இறுக்கி அழுத்தினார். செம்பட்டி தாண்டியதும் அவருடைய செல்போன் அடித்தது. நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"விக்கலடி. கடைக்காரரு கேட்டாரு. எனக்குத்தான் குடுக்க மனசு வரல."

பிறகு வெகுநேரம் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

"என்னண்ணே சொல்றாக?"

"அவளுக்கு ஒரே சந்தோசம். பீரோவுல இருக்க மிச்சக் காசையும் வெள்ளிக்கெழம வெளக்கி வைக்கிறாளாம்."

"அய்யய்யோ! நீங்க என்ன சொன்னீக?"

"வாரப்ப புளி வாங்கிட்டு வரவான்னு கேட்டேன்."