தம்பியின் ரத்தம்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில், பேண்டேஜ் கம்பெனி வேலை முடித்த இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். ஜன்னலோரத்துக்காரி சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரவியளுக்கு அடுத்தவங்க ரத்தம் ஒரு சொட்டுகூட ஏத்தாம நெஞ்சு ஆபரேஷன் முடிச்சிட்டாவ. எந்தம்பிகிட்ட மட்டும் சொல்லிராத."

"ரத்தம் ஏத்தாம எப்படிட்டி?"

"சிந்துனதையே மெஷின்ல பிடிச்சு, சுத்தம் பண்ணி அவியளுக்கே ஏத்திட்டாவ. மெட்ராஸ் டாக்டரு. இப்ப வீட்டுல உக்காந்து, சாம்பாருல உப்பில்லைன்னு சண்டை போடுதாவ."

"நல்ல சேதிதான. தம்பிகிட்ட ஏன் மறைக்க?"

"அத்தானுக்கு ரத்தம் குடுக்கணும்னுதான் அவன் குடியை விட்டான். ரத்தமே தேவைப்படலன்னு தெரிஞ்சா மறுபடி ஆரம்பிச்சிருவான். அதான், ஆபரேஷன் முடிஞ்சாலும் இனிமே தேவைப்பட்டாலும் படும்னு சொல்லி வச்சிருக்கேன்."

மில் ஸ்டாப்பில் பஸ் நின்றது. சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்த ஒருவன் ஏறி, நேராக அவளிடம் வந்தான்.

"அக்கா, ஆஸ்பத்திரியில ரத்தம் கேட்டாவளா?"

"இன்னும் கேக்கலலே. எப்ப வேணாலும் கேப்பாவ. ஒடம்பை இப்படியே வச்சிரு."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அந்த டாக்டரு எங்க வீட்டுக்காரர்கிட்டயும் கொஞ்சம் ரத்தம் கேட்டு வைப்பாராட்டி?"