ஆள் வர ஏலாட்டி வலை போகட்டும்

தலைமையைத் தாங்கி இந்த அவைக்குத் தகைமை சேர்க்கும் மதிப்பிற்குரிய இராசநாயகம் ஐயா அவர்களே! கடலோரத் தொழிலைக் கட்டிக்காக்கும் முன்வரிசை முதலாளிமாரே! நரை கண்டும் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோரே! அடுப்பை அணைத்துவிட்டு அவை நாடி வந்த அன்னைமாரே! வலைத் தொழிலாளர் சங்கத் தோழர்களே! எல்லோருக்கும் என் வணக்கம், ஸலாம்!

ஸெய்னுதீன் முதலாளியிடம் சம்பளமும் வாங்கிக்கொண்டு, போன ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டுவரை, இதே மேடையில் அவரைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டியவன் இந்தச் செயலாளன் குலசிங்கம். இன்று அவருக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன். என்ன, பின்வரிசையில் சிரிப்பு? குலசிங்கத்தை விலைக்கு வாங்கிவிட்டார் என்கிறீர்களா? பயப்படாதீர்கள்! நாளைக் காலையில் வழமைபோலச் சண்டைக்குப் போவேன்!

அவருடைய வலைப்பட்டறையில் கிழிந்த வலை பொத்துகிறவர் றுக்கியா. அக்கரையில் இருக்கும் கிண்ணியாவிலிருந்து தோணியேறி வருவார். நாள்தோறும் பிந்தினார். ஏன் என்று கேட்டால், "நித்திரையாகிப் போனன்" என்பார். சோம்பேறி என்றார்கள், சிரித்துக்கொண்டார். வேலையால் நிறுத்துவேன் என்றார் முதலாளி, றுக்கியா அடுத்த வலையை எடுத்துப் பொத்தினார். உண்மை என்ன? அவர் கணவர் அபூதாஹிர், கப்பலில் மூட்டை இறக்கும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் பாயில் கிடந்தார். அவரைத் துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு ஓடிவந்தால் தோணி போயிருக்கும்! சோம்பேறியாம் சோம்பேறி! எனக்கு வயிறு எரிகிறது, தோழர்களே!

நிறுத்துவதற்கு முன், முதலாளியே ஒருநாள் தோணியேறிப்போய் அவர் வாசலில் நின்றார்.

"என்ன புள்ள, இதை ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"சொன்னா வேலையால நிப்பாட்டிருவீங்க எண்டு பயந்துட்டன், முதலாளி."

கட்டியவனைக் கவனிப்பது குற்றமா? அதை மறைக்க ஒரு பெண் சோம்பேறிப் பட்டம் சுமக்க வேண்டுமா? இந்த வெட்கம் அவருடையதா, நம்முடையதா?

திரும்பி வந்த முதலாளி சொன்னார்: "ஆள் வர ஏலாட்டி வலை போகட்டும்!" மறுநாளே றுக்கியா வீட்டுக்குத் தோணியில் வலை போனது. பொத்திய வலை தோணியில் வந்தது. கெட்டதா தொழில்? குறைந்ததா மீன்? "அவவுக்கு மட்டும் என்ன சலுகை?" என்று பட்டறையில் முணுமுணுத்தார்கள். "உங்கட வீட்டில ஆரும் பாயில விழுந்தாலும் இதுதான். வந்து சொல்லுங்க," என்றார் முதலாளி.

அடடா, அதன்பிறகல்லவா வாய்கள் திறந்தன! வள்ளியம்மாவின் மாமியாருக்குக் கண் தெரியாது. சின்னராசாவின் மகனுக்கு நடக்க ஏலாது. பக்கத்தில் பக்கத்தில் இருந்து வலை பொத்தியவர்கள் நாங்கள். ஒருவர் வீட்டுப் பாடு மற்றவருக்குத் தெரியாது! பொறுங்கள், கைதட்டலில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

முன்வரிசை முதலாளிமாரே! நாளை உங்கள் வாசலிலும் ஒருவர் பிந்தி வந்து நிற்பார். ஏசுவதற்கு முன், வீட்டில் என்ன பாடு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் பட்டறையில் கடைசியாக வாய் திறந்தவன் யார் தெரியுமா? உரிமை, உரிமை என்று முழங்கும் உங்கள் செயலாளன்தான்! என் தங்கை நல்லம்மாவுக்கு வலிப்பு. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். இத்தனை காலம் வீட்டுக்குள்ளேயே இருந்தவள், அதோ, வள்ளியம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள்! இப்போது தட்டுங்கள்; அவளுக்குக் கேட்கட்டும்!

ஸெய்னுதீன் முதலாளி, எங்கள் வீட்டில் என்ன பாடு என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். நெஞ்சு நிறைந்த நன்றி. பொறுமையோடிருந்த சபையோருக்கும் நன்றி, போய்வருகிறேன், வணக்கம்!