ஆறாவது கதிரை

இல்ல இல்ல, அதுல வேணாம் சம்மந்தி, அதுக்கு ஒரு காலு ஆடும். இங்கிட்டு உக்காருங்க. ஆமா, நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி சம்மந்தின்னு கூப்பிடக் கூடாதுதான். என்ன செய்றது, வாயி முந்திக்குது. நான் படுத்துக்கிட்டு ஓட்டுற வண்டியில காலு முந்திக்கிட்டுப் போகுமில்ல, அந்த மாதிரி.

பாத்தீங்களா, நீங்க எடுக்கிறதுக்கு முன்னாடி நானே அந்தப் பேச்ச எடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கட்டுகஸ்தோட்டையில ஹாட்வெயார் கடைய மூடிப்போட்டு, இந்த அம்பிட்டிய மேட்டுல மூச்சு வாங்க ஏறி வந்தது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? தரகர் நேத்தே போன் போட்டுட்டார். பொண்ணப் புடிச்சிருக்கு, பொருத்தம் இருக்கு, குடும்பமும் பரவாயில்ல. பொண்ணோட அப்பா மட்டும் ரோட்டுல படுத்துக்கிட்டே போறார். அத நிப்பாட்டினா தேதி வைக்கலாம். அவ்வளவுதானே?

நியாயமான கேள்விதான். குடிச்சிட்டு ரோட்டுல படுத்துக் கெடந்தா நம்ம சனம் ஒண்ணும் கேக்காது. தூக்கிக்கிட்டு வந்து வீட்டுல விட்டுட்டு ஒரு பிளேண்டித் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகும். குடிக்காம படுத்துக்கிட்டுப் போனாத்தான் கொறை.

ஜெயராணி, சம்மந்திக்குத் தேத்தண்ணி ஊத்திட்டியா? இஞ்சி போடு, மேடேறி வந்திருக்காரு.

திலக்சனாவா? சின்னப் புள்ளைங்களுக்கு டியூஷன் குடுக்கப் போயிருக்கா, இப்ப வந்துருவா. அவ வர்றதுக்குள்ள நாம பெரியவங்க பேசி முடிச்சுருவோம். உங்க மகன் விதுர்ஷன் வரலையா? ஓ, ஹட்டன்ல மீட்டிங்கா. ஞாயித்துக்கிழமையுமா! கண்டிக்கு மாத்தலாகி வந்த பெறகும் பழைய பிராஞ்ச மறக்காம ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஓடுது பாருங்க. இந்தக் காலத்துல லீசிங் கம்பெனிக்கு இப்படி ஒரு உசுரு குடுக்கிற புள்ள எங்க கெடைக்கும்? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் நீங்க அதத்தானே பெருமையாச் சொன்னீங்க. என் மகளும் அதக் கேட்டுத்தான் மயங்கிட்டா. இப்ப போனப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறா. இந்த வீட்டுல இவ்வளவு சிரிப்ப நான் கேட்டதில்ல சம்மந்தி. அதனாலதான் உங்க முன்னாடி இப்படிக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

வண்டிய நீங்க கிட்ட இருந்து பாத்ததில்லையே? அந்தா, தகரத்துக்குக் கீழ நிக்கிது. நிக்கிதுன்னு சொல்ல ஏலாது, அதுவும் படுத்துத்தான் இருக்கு.

பெட்ரோல் இல்லாத காலத்துல தொடங்கினது. ஊரே லைன்ல நின்னுச்சு. நீங்களும் நின்னிருப்பீங்க. எனக்கு நிக்க முடியல, இடுப்புல டிஸ்க் வெலகியிருந்துச்சு. சாதா சைக்கிள்ல குனிஞ்சு ஓட்டினா ரெண்டு நாளைக்கு எழும்ப ஏலாது. பேராதனை ஆஸ்பத்திரியில டொக்டர் சொன்னார், மோகனராஜ், உங்க முதுகுக்குச் சாஞ்சு இருக்கிறதுதான் நல்லம்னு. மத்தவனா இருந்தா வீட்டுல சாஞ்சிருப்பான். எனக்குத்தான் கிறுக்கு. சாஞ்சுக்கிட்டே போனா என்னன்னு யோசிச்சேன்.

நமக்குத் தொழிலே எரிஞ்ச மோட்டருக்குக் கம்பி சுத்துறதுதானே. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒண்ணோட பின் சில்லு, மோட்டர் கருகிப் போயி கராஜ்ல கெடந்துச்சு. எடுத்தாந்து கம்பியப் புதுசாச் சுத்தினேன். எங்க வீட்டு இரும்புக் கட்டில்ல ரெண்டு கம்பி, சின்னப் புள்ள சைக்கிள்ல முன் சில்லு. காலு நீட்டி மிதிக்கணுமில்ல, அதுக்கு மூணு சைக்கிளோட செயின ஒண்ணாக் கோத்தேன். பழைய லெப்டொப்புகள்ல பெட்டரி செல்லுங்களப் பொறுக்கி அடுக்கிக் கட்டி, பிஸ்கட் டின்னுக்குள்ள வச்சேன். எல்லாம் சரி, உக்கார்றதுக்கு என்ன செய்யிறது?

இப்ப நீங்க உக்காந்திருக்கிற கதிரை இருக்கே, அதோட கூடப் பொறந்தது தான் அங்க மாட்டியிருக்கிறது. ஆமா சிரிங்க. பொண்ணு பாக்க வர்றவங்களுக்குன்னு ஜெயராணி ஆசையா வாங்கி வச்ச ஆறு பிளாஸ்டிக் கதிரை. அதுல ஒண்ணுக்கு நாலு காலையும் அறுத்துட்டேன். அவ என்னோட ஒரு மாசம் கதைக்கல. அன்னைக்கு நீங்க வந்தப்போ ஒரு ஆளுக்குக் கதிரை இல்லாம நான் கதவுல சாஞ்சுக்கிட்டு நின்னேன், ஞாபகமா? மரியாதைக்கு நிக்கிறேன்னு நீங்க நெனச்சிருப்பீங்க.

மொத நாள் இடுப்புல சாரம் கட்டிக்கிட்டு ஏறினேன் சம்மந்தி. புத்திகெட்ட வேலை. அம்பிட்டிய எறக்கத்துல செயின் சாரத்தப் புடிச்சிக்கிச்சு. நான் ஒரு பக்கம் இழுக்கிறேன், அது ஒரு பக்கம் இழுக்குது. கடைசியில செயின் தான் ஜெயிச்சுச்சு. அதுக்குப் பெறகுதான் செயினத் தோட்டத்துக்குத் தண்ணி விடுற ஹோஸ் குழாய்க்குள்ள விட்டு ஓட்டுறேன், நானும் காற்சட்டை போட்டுக்கிறேன். உங்க சொந்தக்காரங்க யாரும் அந்த மொத நாளப் பாக்கலையே? நல்ல வேளை, பாத்திருந்தா பொருத்தமே பாத்திருக்க மாட்டாங்க.

ஆமாமா, பேராதனைப் பாலத்துல உங்க மச்சான் என்னப் பாத்தாராம், யாரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்கன்னு நெனச்சாராம். தரகர் சொன்னார். அது பரவாயில்ல. கோயில் வாசல்ல பூ விக்கிற பாப்பம்மா இருக்கே, மொத தடவ என்னப் பாத்துட்டுக் கூடையக் கீழ வச்சிட்டு எழும்பி நின்னு கும்பிட்டுச்சு. பொணம் போகுதுன்னு நெனச்சிருக்கு. மரியாதைக்கு நானும் கையத் தூக்கிக் கும்பிட்டேன். அன்னைக்குப் பூரா அதுக்கு யாவாரம் இல்ல, காய்ச்சல்.

நாய்க்கும் எனக்கும் கண்ணு ஒரே மட்டத்துல இருக்கும். அதுக்கு என்ன நினைப்புன்னு நேராவே தெரிஞ்சிரும். மனுசங்களோட செருப்புத்தான் தெரியும், மொகம் தெரியாது. அதுவும் ஒரு நிம்மதிதான், இல்லையா? பஸ்காரன் கண்ணுக்கு நான் தெரியணும்னு என் மகதான் ஒரு மூங்கில் கம்புல அவளோட பழைய செவப்பு ஷோலக் கட்டிக் குடுத்தா. அந்தா ஆடுதே, அதுதான். உங்க வீட்டுல வந்து வாழப் போறவ, அப்பனுக்குக் கொடி கட்டினவ. இதயும் கொறையில சேத்துக்குங்க.

தூரமா? எங்க போகல. மொதல்ல கம்பளை. மகாவலி ஓரமா நல்ல ரோடு. அங்க டயர் கடை நபீல் நானா ப்ளக் குடுப்பாரு, பெட்டரி ஏறுற வரைக்கும் அவரு கடையில குந்தியிருப்பேன். அதுக்குப் பெறகு நாவலப்பிட்டி. இந்த வண்டியில ஒரு வசதி இருக்கு சம்மந்தி, கார்ல போறவங்களுக்கு அது கெடையாது. பெட்டரி ஏற அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் எங்கயாவது ஒரு கடையில, ஒரு சலூன்ல ஒக்காந்திருக்கணும். வண்டியப் பாக்கச் சனம் கூடும். படுத்துக்கிட்டு வர்றவன் கிட்ட மனுசன் எதையும் மறைக்கிறதில்ல. இவன் கிட்டச் சொன்னா என்ன ஆகிறப் போகுதுன்னு ஒரு தைரியம். எந்த ஊர்ல யாருக்கு மூல வியாதி, எவன் பொண்டாட்டி கோவிச்சிக்கிட்டுப் போனா, எல்லாம் நமக்கு வந்து சேரும். பெட்டரி ஏற ஏற ஊரு வாயத் தொறந்துரும்.

குடிங்க, ஆறிரும்.

சம்பந்தம்னா ரெண்டு பக்கமும் விசாரிக்கிறதுதானே மொறை. நீங்க எங்களப் பத்தி விசாரிச்சீங்க. கோயில் ஐயர்கிட்ட கேட்டிருக்கீங்க, முச்சந்திக் கடையில கேட்டிருக்கீங்க. கடைசியில கண்டுபுடிச்சது நான் படுத்துக்கிட்டுப் போறேன்னு. நல்ல விசாரணை. எங்க பக்கத்துல ஜெயராணியோட அண்ணன் போனார். ஹெல்மட்டக் கூடக் கழட்டாம, சிஐடி மாதிரி. கட்டுகஸ்தோட்டையில கேட்ட எடமெல்லாம் தங்கமான புள்ளன்னாங்க. சொல்லாம இருப்பாங்களா? விசாரிக்க வந்திருக்கான்னு தெரிஞ்சாலே ஊருக்கு நாக்குல தேன் வந்துரும். நம்ம ஆளுக செய்யிற தப்பு அதுதான். நல்லா உடுத்திக்கிட்டு, பல்லு விளக்கிக்கிட்டு விசாரிக்கப் போறது.

நான் விசாரிக்கப் போகல சம்மந்தி. சத்தியமா. நாவலப்பிட்டியத் தாண்டி அந்தக் கினிகத்தேனை மேட்ட இந்த மோட்டர் ஏறுமான்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஒரு அரிப்பு. அதுதான் போனேன். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். மேடு ஏறிட்டு அப்படியே திரும்பியிருக்கலாம். ஏன் திரும்பல? அதுக்கு மேல ஏன் ஹட்டன் வரைக்கும் போனேன்? அவ்வளவு சிரிச்ச புள்ளையப் பாத்து பெத்தவனுக்குச் சந்தோசம் வரணும், நான் ஏன் வண்டிய எடுத்தேன்? மகள விட்டுக் குடுக்க மனசில்லாம நொட்டை தேடிப் போன பாவியா நானு? வர்ற வழி பூரா வானத்தப் பாத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு வந்தேன். படுத்திருக்கிறவனுக்கு வேற என்ன தெரியும், வானம் தான்.

மேடு ஏறிருச்சு. அதச் சொல்லிரணும். மூச்சுத் திணறித் திணறி ஏறிருச்சு. ஹட்டனுக்குக் கிட்டப் போனதும் பெட்டரி செத்துப் போச்சு. உருட்டிக்கிட்டுப் போனேன். ரோட்டோரமா ஒரு தையல் கடை, பின்னாலயே வீடு. ஒரு பொண்ணு மெஷின்ல உக்காந்திருந்துச்சு. பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க லயத்துல பொறந்த புள்ள, நல்ல மரியாதை. ப்ளக் குடுக்க ஏலுமான்னு கேட்டேன். தாராளமா மாமான்னு சொல்லிச்சு. ரொட்டியும் சம்பலும் வேற. நீங்க சொன்னீங்களே, எங்களுக்கு டவுன் குடும்பந்தான் வேணும், லயத்துச் சம்பந்தமெல்லாம் சரிப்படாதுன்னு? என்னமோ அந்த ரொட்டியத் திங்கும்போது அது ஞாபகம் வந்துச்சு. உங்க அப்பாவும் எங்க அப்பாவும் எந்த பங்களாவுல பொறந்தாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன்.

ஏன் சம்மந்தி, தேத்தண்ணி சுட்டுருச்சா? கப்ப வச்சுட்டீங்க.

எங்க இருந்து வர்றீங்க மாமான்னு கேட்டுச்சு. கண்டின்னேன். மொகம் மலர்ந்துருச்சு அதுக்கு. எங்க வீட்டுக்காரரும் கண்டிதான்னுச்சு. லீசிங் கம்பெனி. இங்க வேலை செஞ்சப்போ கல்யாணம் பண்ணிக்கிட்டது, இப்ப மாத்தலாகிப் போயிட்டார். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்துருவார். அவங்க அப்பா கொஞ்சம் கறாரான மனுசன், கட்டுகஸ்தோட்டையில ஹாட்வெயார் கடை வச்சிருக்கார், அவரு மனசு எளகினதும் எங்களக் கூட்டிக்கிட்டுப் போயிருவார்னு சொல்லிச்சு. பேர நான் கேக்கல. கேக்காமலே சொல்லிருச்சு. கதிரையில சாஞ்சுக்கிட்டு, பரவாயில்ல தாயி, எளகும்னு சொன்னேன். வேற என்ன சொல்லட்டும்? என் மக கட்டின கொடி அங்கயே வாசல்ல ஆடிக்கிட்டு இருக்கு.

உக்காருங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். இந்த மொகத்தப் பாத்தா யாரும் நம்புவாங்க. உங்கள நான் கொறை சொல்லல. கறாரான மனுசன்னு தானே பேரு, பொய்யன்னு இல்லையே. உங்க மகன்கிட்ட கேட்டா அது மீட்டிங்தான்னு சொல்லுவான். அவன்கிட்ட கேக்காதீங்க. நீங்களே ஒருக்கா போயிட்டு வாங்க. கார்ல போகாதீங்க, கார்ல போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வேணும்னா என் வண்டியத் தாறேன்.

வித்துரணும்னு சொல்லத்தானே வந்தீங்க? இனி அவசரமில்ல.

கேட் சத்தம் கேக்குதா? அவதான். படிக்கட்டுல பாடிக்கிட்டே ஏறி வருவா. இன்னும் நான் அவகிட்ட வாயத் தொறக்கல. கினிகத்தேனை மேடு ஏறிட்டேன், இந்த மேட்டுக்கு என்கிட்ட மோட்டர் இல்ல. நீங்க பின்பக்கத்தால போனா நல்லம் முதலாளி. ஆமா, முதலாளின்னுதான் சொன்னேன், இனிமே அதுதானே சரி.

ஒண்ணே ஒண்ணு. ஜெயராணி இன்னும் புலம்பிக்கிட்டு இருக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உக்கார வாங்கின கதிரைய வெட்டி வீணாக்கிட்டேன்னு. வீணாப் போகல. அன்னைக்கு பெட்டரி ஏறுற வரைக்கும் அந்தத் தையல்காரப் புள்ளையோட மக அதுல ஏறிச் சாஞ்சுக்கிட்டு எறங்கவே மாட்டேன்னுட்டா. பாத்தவன் எல்லாம் சிரிச்ச வண்டி, அவ சிரிக்கல, புருவத்தச் சேத்துக்கிட்டு ஹாண்டில இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தா. இப்ப உங்களுக்குச் சேருது பாருங்க, அதே புருவம். ஆறாவது கதிரையிலயும் மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஒரு ஆளு வந்து உக்காந்தாச்சு முதலாளி.