வேகம் கூடவில்லை

சார், உங்கள் ஸ்டேஷனில் எழுதிய அறிக்கையில் ஒரு வரி தவறாக இருக்கிறது. இரண்டாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரி. “கூடுதல் திறன் கொண்ட பவர் சப்ளை பொருத்தப்பட்டதால் கம்ப்யூட்டரின் வேகம் அதிகரித்து, அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கப்பட்டு, மின்கசிவு ஏற்பட்டதில் சீவலப்பேரி மணிராஜ், வயது 26, இறந்துபோனார்.” வேகம் அதிகரிக்கவில்லை. அதிகரிக்காது. இதைச் சொல்லத்தான் ஓசூரிலிருந்து ஒரு நாள் லீவு போட்டு வந்திருக்கிறேன்.

நான் எப்சி. மணிராஜ் என் அண்ணன். எலக்ட்ரிக்கலில் பி.இ. முடித்திருக்கிறேன். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. தெரிந்துதான் பேசுகிறேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

பவர் சப்ளை என்பது வீட்டுக்கு வரும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் தாங்குகிற அளவுக்கு மாற்றிக் கொடுக்கிற பெட்டி. கம்ப்யூட்டர் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் கொடுக்கும். பெரிய பெட்டி வாங்கி வைத்தால் அது கூடுதலாகக் கேட்காது. ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய பெட்டிக்குச் சக்தி போதாமல் விளையாட்டின் நடுவில் கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோனால், புதுப் பெட்டி அதை நிறுத்தும். அண்ணனுடையது ஒரு தடவைகூட அப்படி அணைந்ததில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது திரையில் படத்தை ஓட்டுகிற நல்ல கிராபிக்ஸ் கார்டு. அதையும் சொன்னேன்.

அவன் விளையாடும்போது திரையின் இடது மூலையில் பச்சை நிறத்தில் ஒரு எண் ஓடும். நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு. அறுபது இருந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். அவனுக்கு நாற்பத்தொன்று. போட்டிகளில் தோற்றதற்கெல்லாம் அந்த நாற்பத்தொன்றைத்தான் காரணம் சொல்வான். பாலிடெக்னிக்கில் ஏழு பேப்பர் அரியர் வைத்துவிட்டு வந்தவன். ஜெயித்துப் பெரிய ஆளாகி அம்மாவைச் சித்தாள் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகவிடாமல் உட்கார வைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதை அவன் நிஜமாகவே நம்பினான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மே மாதம் மூன்றாம் தேதி எனக்கு வேலை உத்தரவு வந்தது. ஓசூரில் மோட்டார் செய்கிற கம்பெனி. பதினாறாம் தேதிக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். என் சான்றிதழ்கள் எல்லாம் அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்தன. அப்பா இறந்ததிலிருந்து அந்தச் சாவி அண்ணன் கழுத்துச் சங்கிலியில், சிலுவையோடு சேர்ந்து தொங்கியது.

“பொம்பளப் பிள்ள ஓசூர்ல தனியா கெடக்கணுமோ? இங்கனயே டீச்சர் வேல எதுவும் பாரு” என்றான்.

“நான் டீச்சருக்குப் படிக்கலண்ணே.”

“பொறவு அம்மாவ யாரு பாப்பா? நானா சோறு பொங்குவேன்?”

பெட்டியை உடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கடப்பாரையை எடுத்தேன். அம்மா வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். “உங்கப்பா பெட்டியில கை வச்சேன்னா நான் ஆத்துல போய் விழுந்துருவேன், பாத்துக்கோ” என்றாள். சொன்னால் செய்கிறவள் என் அம்மா சாலோமி. சான்றிதழ் நகலுக்கு எழுதிப்போட்டால் மாதக்கணக்கில் ஆகும். என்னிடம் இருந்தது பதின்மூன்று நாள். நாலு வருடம் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு படித்தது பதின்மூன்று நாளில் தீர்ந்துபோகப் போகிறது. ஃபேனைத் துடைக்க ஸ்டூலில் ஏறினால் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் என்னை முடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அது வேண்டாம் என்று தோன்றியது. தப்பு என் பேரில் இல்லையே.

ஐந்தாம் தேதி அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் கடையிலிருந்து அந்தப் பவர் சப்ளையோடு வந்தான். கடைக்காரர் இசக்கியப்பன் அண்ணாச்சி, இதை மாட்டினால் வேகம் ஒன்றரை மடங்கு கூடும் என்று சொல்லி விற்றிருக்கிறார்.

“ஏட்டி, கையில வாங்கிப் பாரு. செங்கல் மாதிரி கனக்குல்லா?”

“கனத்துக்கும் வேகத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்? பானைய மாத்துனா பசி கூடுமா?”

“அப்போ அண்ணாச்சி பொய் சொல்லுதாரா? அவரு கட வைக்கும்போது நீ பொறக்கவே இல்ல.” சிரித்தான். நல்ல மனநிலையில் இருந்தான். “சரி, ஒரு பந்தயம். நீயே மாட்டு. நாப்பத்தொண்ணு அறுபது ஆயிட்டுன்னா, கர்த்தர் சத்தியமா, பெட்டிச் சாவி உன் கையில. ஓசூருக்கு நானே கொண்டு விடுதேன்.”

“ஏறலைன்னா?”

“ஏறலைன்னா நீ படிச்ச படிப்புக்கு அம்புட்டுதான் மருவாதின்னு வச்சிக்கோ.”

என் வாழ்க்கையை அவன் எதன்மேல் கொண்டுபோய் வைத்தான் என்று பாருங்கள். எந்தப் பவர் சப்ளையாலும் அந்த எண்ணை ஏற்ற முடியாது. உலகத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த சில விஷயங்களில் அது ஒன்று.

ஒரு வழி இருந்தது. விளையாட்டின் செட்டிங்ஸில் போய் நிழல்களின் தரத்தை இரண்டு படி குறைத்திருந்தால் எண் அறுபதைத் தாண்டியிருக்கும். படம் லேசாக மங்கும். அவன் கண்டுபிடித்திருக்கவே மாட்டான். சாவியைக் கழற்றிக் கொடுத்திருப்பான். சத்தியம் செய்தால் மீறாதவன். நான் அதைச் செய்யவில்லை. அது பொய். அண்ணாச்சி சொன்னது சரி, எப்சி படித்தது தப்பு என்று ஆகிவிடும். சார், நான் பொய் சொல்வதற்காகப் படிக்கவில்லை.

மாட்டுவதற்கு முன்னால் பவர் சப்ளையைத் திறந்து பார்த்தேன். கனத்துக்காக உள்ளே ஒரு இரும்புத் தகடு ஒட்டியிருந்தார்கள். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பொறாமையில பேசாத, மாட்டு” என்றான். அந்தத் தகட்டின் கூர்மையான ஓரத்தில் கரண்ட் வருகிற வயர் உரசிக்கொண்டிருந்தது. விசிறி அதிர அதிர, ஒரு வாரம் பத்து நாளில் வயரின் தோல் அறுந்துவிடும். அதைக் காட்டுவதற்குள் அவன் போய்விட்டான். மூடித் திருப்புளியால் முறுக்கி மாட்டினேன். நாற்பத்தொன்று.

தோல் அறுந்து கம்ப்யூட்டர் டப்பாவில் கரண்ட் ஏறினாலும் ஆபத்தில்லை. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் கொல்லையில் எர்த் குழி இருக்கிறது. கோடையில் மண் காய்ந்துவிட்டால் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். கல்லூரி இரண்டாம் வருடத்திலிருந்து ஊற்றுகிறேன். “என்னட்டி மொளைக்கப் போவுது அதுல?” என்று அண்ணன் கேலி செய்வான். வீட்டில் வேறு யாருக்கும் அது எதற்கென்று தெரியாது.

ஐந்தாம் தேதியிலிருந்து ஊற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியில்லை. தினமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழிவரைக்கும் போவேன். பிறகு இரண்டடி தள்ளி நிற்கிற முருங்கைக்கு ஊற்றிவிட்டு வருவேன். அந்த வருடம் முருங்கை நன்றாகக் காய்த்தது.

பதினோராம் தேதி அண்ணன் கையை உதறிக்கொண்டு வந்தான். “ஏட்டி, டப்பாவத் தொட்டா லேசா கடிக்குது.”

“செருப்பு போட்டுட்டு உக்காருண்ணே” என்றேன். பொய் இல்லை. ரப்பர் செருப்பு போட்டிருந்தால் இன்றைக்கு இருப்பான்.

“வீட்டுக்குள்ள எவனாவது செருப்பு போடுவானா? ஜெபம் பண்ணுத வீடுட்டி.”

நான் எச்சரித்தேன் என்பதை நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அவனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினால் கல்லூரிக் கட்டணம் குறையும். வீட்டில் வேறு யாரும் டிகிரி படிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன்தான் போட்டான். தாலுகா ஆபீஸிலிருந்து வரும்போது மழை. அந்தக் காகிதத்தைச் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை குனிந்தே ஓடி வந்தான். ஒரு சொட்டு படவில்லை. பெட்டியில் பூட்டி வைத்ததில் அந்தக் காகிதமும் ஒன்று.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் கடைசியாகக் கேட்டேன். காலைப் பிடித்துக் கேட்டேன். நான் யார் காலையும் பிடித்ததில்லை. “நாளைக்கு மறுநாள் பொறப்பட்டாத்தான் போய்ச் சேர முடியும்ணே. தந்துருண்ணே.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். “எண்ணு ஏறல்லியே. நீ ஒழுங்கா மாட்டல. அண்ணாச்சி சொன்னது பொய்யாவணும்னு வேணும்னே ஏதோ பண்ணி வச்சிருக்க. எனக்குத் தெரியாதா உன்ன?”

வேலைக்குப் போகாதே என்றதைக்கூடப் பொறுத்திருப்பேன். வேலையில் திருட்டுத்தனம் செய்தேன் என்று அதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை.

பதினாலாம் தேதி காலை அம்மா வேலைக்குப் போன பிறகு வழக்கம்போல் தரையைத் துடைத்தேன். துணியைச் சரியாகப் பிழியவில்லை. பத்தரை மணிக்கு அவன் குளித்துவிட்டு வெறுங்காலோடு வந்தான். விளையாட்டைப் போட்டுவிட்டு, ஹெட்போனைச் சொருகக் குனிந்து ஒரு கையால் டப்பாவைப் பிடித்தான். நான் அடுப்படி வாசலில் நின்றேன். சத்தம் அதிகம் இல்லை. மெயின் சுவிட்சு என் தோளுக்கு நேரே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று. ஊர் கூடுவதற்கு முன்னால் கொல்லைக்குப் போய்க் குழியில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினேன். வேறு யாருக்கும் கரண்ட் அடித்துவிடக் கூடாதே என்றுதான். மின்வாரியத்து ஆட்கள் வந்து அளந்தபோது எர்த் நன்றாக இருந்தது. எர்த் நன்றாக இருந்தால் ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். மறுநாள் அடக்கம் முடிந்தது. அவன் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி என்னிடம்தான் கொடுத்தார்கள். பதினாறாம் தேதி ஓசூரில் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நடுங்கவில்லை.

அம்மா வாங்கி வைத்திருந்த அறிக்கையின் நகலைப் போன வாரம்தான் படித்தேன். அண்ணாச்சியை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவருக்காக நான் வரவில்லை. அவர் கல்லாவில் உட்கார்ந்து சொன்ன பொய்யை அரசாங்கம் முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தால் அது உண்மையாகிவிடும். நாலு பேர் படிப்பார்கள். பெரிய பவர் சப்ளை போட்டால் வேகம் கூடும்போல என்று நினைப்பார்கள்.

என்மேல் என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த நாலாவது வரியை மட்டும் அடித்துவிடுங்கள். எனக்குச் சந்தேகமே கிடையாது, சார். கண்ணால் பார்த்தேன். அண்ணன் டப்பாவை விட முடியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஈரத்தரையில் கால் படாமல் நாற்காலிமேல் ஏறி, திரையின் இடது மூலையை எட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. ஒருவேளை மாறுமோ என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாறவில்லை. அதன் பிறகுதான் மெயினை அணைத்தேன்.