பதினோரு கண்ணாடிக் குப்பிகள்

கண்ணாடிச் சாமான்களுக்கும் எனக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. கல்யாணமான புதிதில் ஒரே வாரத்தில் மூன்று டம்ளர்களை உடைத்தேன். நான்காவதை வாங்க என் மனைவி என்னை அனுப்பவில்லை, அவளே போனாள். ஆய்வுக்கூடத்திலும் எனக்குப் பிளாஸ்டிக் குழாய்தான் சௌகரியம். கைதவறினாலும் உடையாது, வேலை முடிந்ததும் தூக்கிப் போடலாம். எழுதிவைத்த செய்முறையிலும் பிளாஸ்டிக் என்றுதான் இருக்கிறது. அந்தத் தாள் உங்கள் முழங்கைக்குக் கீழேயே கிடக்கிறது. ஒரு மணி நேரமாக என்னைக் கேள்வி கேட்கிறீர்கள், அதை ஒருமுறைகூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். ஒட்டுகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான். உடம்பிலுள்ள செல்களின் மேல் ஏற்பி என்று ஒன்று உண்டு, வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கிக்கொள்ளும் இடம். பூட்டு, சாவி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள். எனக்கு அது பஸ் சீட் மாதிரி. கெட்ட சேதி வந்து உட்காருவதற்குள் மருந்து போய்த் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டும், பிடித்த இடத்தை விட்டுக்கொடுக்கவும் கூடாது. நான் செல்களின் மேல் மருந்தை ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, குளிர்ந்த உப்புநீரில் கழுவுவேன். கழுவியும் போகாமல் எவ்வளவு இருக்கிறது என்று கருவி எண்ணிச் சொல்லும். இருபத்திரண்டு வருஷம் இதையே செய்தேன். ஒட்டவில்லை என்று நான் எழுதினால் அந்த மருந்தின் கதை அத்தோடு முடிந்தது. மேலே இருக்கிற பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டுப் பேசுவார்கள், ஆனால் எல்லார் கையிலும் இருப்பது நான் எழுதிய தாள்தான்.

என் மச்சான், என் மனைவியின் தம்பி, அதே கட்டடத்தின் மேல்மாடியில் புது மருந்துகளைச் செய்கிறவன். அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். நாலே வருஷத்தில் எனக்கு மேலே போய் உட்கார்ந்தான். பரவாயில்லை, படித்தவன். ஆனால் வீட்டுக்கு வந்தாலும் அந்த மாடியிலிருந்து இறங்கமாட்டான். என்னிடம் பேசும்போதுகூட அவன் கண் அவன் அக்காவைத் தேடும்.

என் மனைவிக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய். அது வருவதற்கு முந்தைய மாதம் அவள் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். தம்பி வீட்டுக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்றாள். சண்டை எதுவும் இல்லை. நான் அவளை அடித்ததில்லை, குடித்ததில்லை, சம்பளத்தை ஒளித்ததில்லை. "உங்க கூட இருந்தா மூச்சு முட்டுதுங்க" என்றாள். இரண்டு வாரத்தில் இருமல் வந்தது, டாக்டர் வேறு காரணம் சொன்னார். தம்பி குடியிருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு தரைத்தளம். மாடி ஏற முடியாமல் அவள் இங்கேயே இருந்துவிட்டாள். பெட்டியை நான்தான் பரண்மேல் ஏற்றிவைத்தேன்.

அந்த ஒன்றரை வருஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குளிக்க, தலைவார, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வர, எல்லாவற்றுக்கும் என் கையைப் பிடித்தாள். பத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் அவளாக என் கையைப் பிடித்தது அப்போதுதான். ஆக்சிஜன் குழாயை மூக்கில் பொருத்தும்போது முகத்தைத் திருப்பாமல் காட்டுவாள். நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

இதற்கிடையில் மச்சான் ஒரு மருந்தைக் கண்டுபிடித்தான். நுரையீரலைத் தழும்பாக்கச் சொல்லும் சேதி எந்த ஏற்பியில் வந்து உட்காருகிறதோ அதில் முந்திக்கொண்டு உட்காரும் மருந்து. எலிகளுக்கு நோய் நின்றுபோயிருந்தது. மனித நுரையீரல் செல்களிலும் ஒட்டுகிறது என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டால் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கலாம். முதல் பட்டியலில் முப்பத்திரண்டு பேர். என் மனைவி பெயரை அவள் டாக்டரே சேர்த்திருந்தார்.

எந்த மருந்து யாருடையது என்று சோதிக்கிறவனுக்குத் தெரியக்கூடாது, எண் மட்டும்தான் தெரிய வேண்டும் என்பது எங்கள் விதி. மச்சான் அதை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மீறினான். "நாற்பத்தேழு என்னுது மாமா. ஒண்ணு கவனிங்க, அது பிளாஸ்டிக்ல ஒட்டிக்குது. என் டேபிள்லயே பாதி மருந்து குழாய்ச் சுவத்துல போயிடுச்சு. கண்ணாடிக் குப்பியில கலக்குங்க."

"எழுதிக் கொடேன், செய்முறையை மாத்திடலாம்" என்றேன்.

"எழுதினா உங்ககிட்ட பேசினேன்னு தெரிஞ்சிடும். வேலையே போயிடும். நீங்க பாத்துக்கங்க மாமா."

பாத்துக்கங்க என்று சொன்னது அவன்தான், குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளே பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகளுக்கு எழுதிப்போட்டேன். அன்றைக்கு என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. தேதியைப் பாருங்கள், என் கையெழுத்துதான்.

குப்பிகள் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் சாப்பிட வந்தான். அக்காவும் தம்பியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும், இருந்தும் சிரித்தாள். "மருந்து மட்டும் வரட்டும்டா, நான் முதல்ல ஏறப்போறது உன் வீட்டு மாடிதான். மூணு மாடியும், எங்கேயும் நிக்காம" என்றாள்.

"பெட்டி?"

"பரண்ல இருக்கு. பிரிக்கவே இல்லை."

நான் அங்கேதான் இருந்தேன், எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு. குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட இருவருக்கும் தோன்றவில்லை. தட்டுகளைக் கழுவி, துடைத்து, அடுக்கி வைத்தேன். எதுவும் உடையவில்லை.

திங்கட்கிழமை ஒரு குப்பியை மட்டும் எடுத்தேன். அதில் நாற்பத்தேழைக் கலக்கி மனிதச் செல்களில் ஊற்றினேன். கழுவினேன். திரும்பக் கழுவினேன். ஆறு மணி நேரம் கழித்தும் எண்ணிப் பார்த்தேன். என் இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. போய் உட்கார்ந்த மருந்து எழுந்திருக்கவே இல்லை. மச்சானை எனக்குப் பிடிக்காது, ஆனால் அவன் வேலை அற்புதமான வேலை. அதை எழுதிவைத்த பக்கத்தை நோட்டிலிருந்து நான் கிழிக்கவில்லை. வேலை தெரிந்தவன் பக்கத்தைக் கிழிக்கமாட்டான். நீங்கள் ஏதோ சாமர்த்தியமாகக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம், அது அங்கேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை செய்முறைத் தாளை எடுத்துவைத்து, வரிக்கு வரி அதன்படி செய்தேன். பிளாஸ்டிக் குழாய்கள், மொத்தம் நாற்பத்தெட்டு. கலக்கிய பிறகு அரை நாள் காத்திருக்கலாம் என்று தாள் அனுமதிக்கிறது, காத்திருந்தேன். மருந்து முழுக்கக் குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. செல்களுக்குப் போனது வெறும் தண்ணீர். கருவி சைபருக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டியது, அதை அப்படியே எழுதினேன். மூன்று நாள் மூன்று முறை செய்தேன், ஒரே விடைதான். 'மனித ஏற்பியில் ஒட்டவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் ஒரு எண்ணையும் மாற்றவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இதை எழுதிக்கொள்கிறீர்களா? நன்றி.

அந்த மருந்தைக் கைவிட்டுவிட்டார்கள். எலிக்கு ஒட்டும், மனிதனுக்கு ஒட்டாது, இது அடிக்கடி நடப்பதுதான் என்றார்கள். மச்சான் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். "மாமா, கண்ணாடியிலதானே கலக்கினீங்க?"

"நீ சொல்லி நான் மறப்பேனா?" என்றேன். நான் மறக்கவில்லை. அவன் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். தண்ணீர் கொடுத்தேன், பிளாஸ்டிக் டம்ளரில். அதற்குமேல் அவனால் யாரிடமும் வாய் திறக்க முடியாது, திறந்தால் விதியை மீறியது வெளியே வரும். அவன் வேலை அவனுக்குப் பெரிது.

அன்று சாயங்காலம் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, அவள் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அலமாரியில் அடுக்கினேன். அவள் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நீங்கள் அந்தப் பட்டியலை என் முன்னால் தள்ளுகிறீர்கள். முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர்தான் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறீர்கள். வருத்தமான விஷயம். ஆனால் அவர்கள் யார், எவர் என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் நான் தீங்கு நினைத்ததில்லை. அவர்கள் இதில் வந்து மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் ஆய்வுக்கூடத்துப் பழைய குளிர்பெட்டியை இடம் மாற்றியபோது, கண்ணாடிக் குப்பிகள் வந்த அட்டைப்பெட்டியை மச்சான் திறந்திருக்கிறான். பன்னிரண்டு குப்பிகளில் பதினொன்று உறை பிரிக்காமல் இருந்தன. பக்கத்திலேயே, நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்த நாற்பத்தெட்டுக் குழாய்கள். அவற்றின் சுவரை எரிசாராயத்தால் அலசிப் பார்த்தானாம், மருந்து அத்தனையும் அங்கேயே இருந்ததாம். அதைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறான், வேலை போனாலும் பரவாயில்லை என்று. அந்தத் தைரியம் அவன் அக்கா உயிரோடு இருந்தபோது வந்திருக்கலாம்.

சரி, உங்களுக்கு வேண்டியதை நேராகவே சொல்கிறேன். ஆமாம், மருந்து ஒட்டும் என்று எனக்குத் தெரியும். அவள் பிழைத்துக்கொள்வாள் என்றும் தெரியும். பிழைத்தால் போய்விடுவாள் என்பதும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அவளைக் கொன்றதாக எழுதுகிறீர்கள், எழுதுங்கள், அது உங்கள் வேலை. என்னைக் கேட்டால், பதினோரு மாதம் அவளை நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். வேளை தவறாமல் மாத்திரை, வேளை தவறாமல் சாப்பாடு. தொற்று வரும் என்று வெளியாட்கள் யாரையும் உள்ளே விடவில்லை. கடைசி மாதம் மச்சானையும் விடவில்லை. வாசலில் நின்று கத்திவிட்டுப் போவான்.

கடைசி நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஜன்னல் திரையை விலக்கச் சொன்னாள், விலக்கினேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "தம்பி வருவானா?" என்று கேட்டாள். நான் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. இருந்தாலும் அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நாளைக்கு வருவான்" என்றேன். மறுநாள் காலையில் நானே ஆள் அனுப்பினேன், வந்தான்.