ஊற்றுக் குழாயை உடைத்தது தொடர்பாக

முதல் தாளில் கண்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது ஐம்பத்து மூன்று. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவி ஆய்வாளராக இருக்கிறேன். ஆய்வாளர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டியது, என்னிடம் வேலை கற்றுக்கொண்டவருக்குப் போனது. இது வழக்குக்குத் தேவையில்லை என்கிறார் ஸ்டேஷன் எழுத்தர். தேவை, எழுதிக்கொள்ளவும்.

அந்த ஆய்வாளர்தான் மலைக்கு வண்டி அனுப்பினால் டீசல் செலவு என்று, ஊற்று நீர் மாதிரியை ஊர்க்காரர்களே பிடித்து அனுப்பலாமென உத்தரவு போட்டார். நான் ஆட்சேபித்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. அதன் பிறகு என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரிலிருந்து, ஊற்றுக் கமிட்டித் தலைவரான அவள் கணவர் மாதிரி அனுப்பினார். சோதித்ததில் ஒரு கிருமியும் இல்லாததால், குடிக்கத் தகுந்தது என்று கையெழுத்துப் போட்டேன். அந்தச் சான்றிதழை அவர் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து ஊற்றுக்கு மேலேயே மாட்டினார்.

அதன் பிறகு மழை பிடித்து, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வரிசையாக வயிற்றுப்போக்கு கண்டது. தங்கையின் நான்கு வயது மகளை அடிவார ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் மேலே போய்ப் பார்த்தபோது, ஊற்றுக்கு மேல் சரிவில் புதிய வீடுகளின் கக்கூஸ் குழிகள் நிரம்பிக் கிடந்தன. மலக்கிருமி இருந்தால் கறுத்துப்போகும் மருந்துப் புட்டியில் தண்ணீர் பிடித்து வந்தேன். மறுநாள் அது மை போலக் கறுத்திருந்தது. வார்டு வாசலில் மச்சானிடம் காட்டினேன்.

"உங்க மருந்தப் போட்டா பாலும்தான் கறுக்கும்" என்றார்.

அப்படியானால் நீங்கள் அனுப்பிய மாதிரி எப்படிச் சுத்தமாக இருந்தது என்று கேட்டேன்.

"பின்ன? ஆபீசுக்குப் போற தண்ணியாச்சே மச்சான். நல்லாக் கொதிக்க வெச்சு, வெள்ளத் துணியில வடிகட்டித்தான் அனுப்புனோம். பெரிய இடத்துக்கு அப்படியேவா அனுப்புவாங்க?"

அதன் பிறகு உள்ளே போனேன். தங்கை உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கடியில் ஒரு பெரிய கேன் இருந்தது.

"இங்க குழாயில ஒரே பிளீச்சிங் நாத்தம்ணே. புள்ள வாய்ல வெக்க மாட்டேங்குது. அவருதான் தெனம் நம்ம ஊத்துத் தண்ணி கொண்டாந்து குடுக்குறாரு. நர்ஸம்மாகூட ஒரு பாட்டில் கேட்டு வாங்கிக்கிட்டாங்க."

கொதிக்கவாவது வைத்தாயா என்று கேட்டதற்கு, "அந்த ருசி போயிடும்ணே" என்றாள்.

கேனைக் கழிவறையில் கவிழ்த்தேன். பிள்ளை கண்ணைத் திறக்காமலே தண்ணீர் கேட்டது. தங்கை என்னைப் பார்த்து, "படிச்ச கிறுக்கு" என்றாள்.

அதன் பிறகு பஸ் ஏறி, சாலை வேலைக்காரர்களிடம் கடப்பாரை இரவல் வாங்கி, ஊற்றுக் குழாயையும் அதன் கல் தொட்டியையும் நான்தான் உடைத்தேன். குடத்தோடு நின்ற பெண்களிடம் இதைக் குடிக்காதீர்கள் என்றேன். ஒருத்தி சான்றிதழைக் காட்டி, "அப்ப இது யாரு கையெழுத்து சார்?" என்றாள். என்னுடையது என்றேன். அதன் பிறகு அவர்கள் நான் சொன்ன எதையும் கேட்கவில்லை. என்னைப் பிடித்துக் கொண்டுவந்து இங்கே ஒப்படைத்தார்கள்.

பழைய பகையால் செய்ததாக மச்சான் புகாரில் எழுதியிருக்கிறார். பகை உண்டு. அவர் பெண் கேட்டு வந்த நாளிலிருந்து உண்டு. அதற்காக ஒரு மனிதன் கடப்பாரை தூக்கிக்கொண்டு மலை ஏறுவானா?

உடைந்த இடத்தில் ஊரார் மூங்கிலைச் செருகி மறுபடி தண்ணீர் பிடிக்கிறார்களாம். புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மச்சான் நிரப்பிய கேனுடன் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் வழியே நானும் பார்த்தேன், எழுத்தரும் பார்த்தார். என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் உள்ளே வைக்கவும். பிள்ளைகள் வார்டுக்கு மட்டும் இப்போதே ஒருவரை அனுப்பவும். அதற்குத் தனி மனு எழுத வேண்டும் என்கிறார்கள். மனு எழுதி முடிப்பதற்குள் பஸ் போய்ச் சேர்ந்துவிடும்.

மேலே எழுதியது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அத்தனையும் உண்மை, யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. வார்டுக்கு ஆள் கிளம்பினாரா என்று கேட்டேன். முதலில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடுகிறேன்.

(ஒப்பம்)